முதல் வரி அவரவர் இஷ்டம்

பதினோரு பேர் பரீட்சை எழுதி, பதினோரு பேரும் சைபர் வாங்கிய அதிசயத்தை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகழ்த்திக் காட்டினேன். அதுவும் இரண்டே நிமிடத்தில். அந்த இரண்டு நிமிடமும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரையில் ஒவ்வொரு பெயராக வந்து விழ விழ, "ஓடுது, ஓடுது!" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பெயர்களுக்கு எதிரே என்ன மார்க் விழுகிறது என்று பார்த்தது அப்புறம்தான்.

விருத்தாசலம் பாலக்கரையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஓடுவது பதினொன்று. அதனால் பேட்ச்சுக்குப் பதினோரு பேர். நான் அங்கே சி மொழி சொல்லிக்கொடுத்தேன். டிகிரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டாயிரம் பிறந்தே கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. எழுதிய புரோகிராமை ஃப்ளாப்பியில் போட்டு என்னிடம் தருவார்கள். நான் ஒவ்வொரு ஃப்ளாப்பியாகச் செருகி, ஓடவிட்டு, எண்களைக் கையால் தட்டி, விடையைக் கண்ணால் பார்த்து மார்க் போட வேண்டும். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்யச் சொன்னால் எனக்குக் கை அரிக்கும்.

அதனால் திருத்துவதற்கே ஒரு புரோகிராம் எழுதினேன். மாணவரின் புரோகிராமுக்கு அது ஒரு கோப்பிலிருந்து எண்களை ஊட்டும். வருகிற விடையை இன்னொரு கோப்பில் பிடிக்கும். நான் எழுதிவைத்த சரியான விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒத்துப்போனால் மார்க், போகாவிட்டால் சைபர். எவ்வளவு அழகு!

சென்டர் முதலாளிக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மங்கலம்பேட்டையில் புதுக் கிளை திறக்கப் போகிறார். இந்த பேட்ச்சில் யார் முதல் மார்க் வாங்குகிறாரோ அவருக்கு அங்கே சொல்லிக்கொடுக்கும் வேலை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருவன் அவருடைய அக்கா மகன். வேலை ஏற்கனவே அவனுக்குத்தான் என்று படிக்கட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

"மிஷினு போட்ட மார்க்குன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்மா," என்றார் முதலாளி. "நாலாவது ஞாயித்துக்கெழம நெசமான பரீச்சை. அதுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சுக்க."

அந்த வேலையை உண்மையிலேயே கண்ணில் வைத்துக் காத்திருந்தவள் ஒருத்தி. மங்கலம்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். பகலில் செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் வேலை. கரண்ட் போர்டில் மாட்டுகிற வெள்ளை ஃபியூஸ் கட்டை இருக்கிறதே, அதைச் சரிபார்த்துப் பிரிக்கிற செக்கிங் மேசை. அதனால் வகுப்பில் அவளுக்குப் பெயரே 'செக்கிங்'. ஐந்து மணிக்கு யூனிட் விட்டதும் முடியில் வெள்ளைத் தூளோடு ஓடி வருவாள். என் வயதுதான். ஆனாலும் 'மிஸ்' என்பாள், பாதி மரியாதை, பாதி நக்கல்.

"அந்த வேலை கெடச்சா சைக்கிள்லயே போயிட்டு வந்துடலாம் மிஸ். பஸ்ஸுல நின்னுக்கிட்டே வர்ற நேரத்துல எத்தினி புரோகிராம் எழுதலாம்! அடுத்தவன் செஞ்சதுல தப்பு கண்டுபுடிச்சது போதும் மிஸ். இனிமே நானே எதையாவது செய்யணும்."

அவளுக்கும் அந்த ஞாயிறு சைபர்தான்.

கேள்வி சுலபம். பத்து எண்களை வாங்கிச் சராசரியைக் காட்ட வேண்டும். என் கோப்பில் விடை 37.5. கோப்புகளைத் திறந்து பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒருவர் 37.500000 என்று எழுதியிருக்கிறார். ஒருவர் 'சராசரி இதோ' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போட்டு, அதன் பக்கத்தில் விடை. பாதிப் பேர் 'எண்ணைக் கொடுக்கவும்' என்று பத்துத் தடவை கேட்டிருந்தார்கள், ஒரு கோப்பிடம்! முதலாளியின் அக்கா மகன் மேலே 'வெல்கம்', கீழே 'தேங்க்யூ', சுற்றிலும் நட்சத்திரக் கோடு என்று கல்யாணப் பத்திரிகையே அடித்திருந்தான். செக்கிங்கின் கோப்பில் முதல் ஐந்து வரிக்கு நட்சத்திரங்கள் வளைந்து நெளிந்து ஓடின.

"என்னா இது?" என்றேன்.

"பிள்ளையார் சுழி மிஸ்."

"கம்ப்யூட்டர்லயா?"

"பின்ன? நோட்டுல போடுறேன், காயிதத்துல போடுறேன். இதுல மட்டும் போடலன்னா கோச்சிக்க மாட்டாரா?"

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஓரவஞ்சனை இருக்காதுன்னு சொன்ன. கரெக்டுதாம்மா. எல்லாத்துக்கும் சமமாத்தான் போட்டிருக்குது, சைபரு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தப்பு அவர்கள் மேல் என்றுதான் நினைத்தேன். வரிசையாக, ஒழுங்காக, ஒரே மாதிரி எழுதத் தெரியாதவர்கள் எப்படி புரோகிராமர் ஆவது? அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு விதிகள் எழுதினேன். எண்களுக்கு நடுவே சரியாக ஓர் இடைவெளி. பேரெழுத்து கூடாது. வெல்கம் கூடாது. கடவுள் வணக்கம் கூடாது. கீழே ஒரு மாதிரி விடை. அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'இப்படியே வர வேண்டும்.'

இரண்டாவது ஞாயிறு. பத்து எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒரே வரியில் அடுக்கச் சொன்னேன். பத்துப் பேர் சைபர். அக்கா மகன் நூற்றுக்கு நூறு.

அவசரமாக அவனுடைய புரோகிராமைத் திறந்தேன். மொத்தமே ஒரு வரி. எண்களை வாங்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை. நான் கொடுத்த மாதிரி விடையை அப்படியே எடுத்துத் திரையில் எழுதச் சொல்லியிருக்கிறான். திருத்தும்போதும் நான் அதே மாதிரி எண்களைத்தான் ஊட்டியிருந்தேன்.

"என்னப்பா இது?"

"நீங்கதான மிஸ் 'இப்படியே வர வேண்டும்'னு இம்மாம்பெருசா எழுதியிருந்தீங்க," என்றான் அவன் கூசாமல். "வந்துச்சா, இல்லியா?"

வந்திருந்தது.

செக்கிங் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய எண்கள் அழகாக, சரியான வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளியோடு நின்றன. பிள்ளையார் சுழியைக்கூட மனசில்லாமல் எடுத்திருந்தாள்.

"எங்க மிஸ் தப்பு? காட்டுங்க."

எனக்கே தெரியவில்லை. அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் வரியின் முடிவுக்குப் போகிற விசையைத் தட்டினபோது கர்சர் கடைசி எண்ணை ஒட்டி நிற்காமல் ஓர் எழுத்து தள்ளிப் போய் நின்றது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி போடச் சொல்லியிருந்தாள். கடைசி எண்ணுக்குப் பின்னாலும் அது விழுந்துவிட்டது. மற்றவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள்.

"இதோ."

"இதோன்னா எங்க? ஒண்ணும் இல்லியே."

"அதான். ஒண்ணும் இல்லாதது ஒண்ணு இருக்குது."

அவள் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "கண்ணுக்கே தெரியாத வெத்து எடத்துக்கா மிஸ் என் வேலை போவப் போவுது?"

அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உடனே கிளம்பிப் போனாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி முடிகிற வரைக்கும் நான் அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் முழுசாகச் சாய்வது என் சுபாவம். மூன்றாவது ஞாயிறுக்கு விதித்தாளைக் கிழித்துப் போட்டேன். யாரும் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், சுழி போடுங்கள், வெல்கம் சொல்லுங்கள். சரியான எண் உங்கள் விடையில் எங்காவது ஓரிடத்தில் இருந்தால் என் புரோகிராம் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்! இந்த முறை ஊட்டுகிற எண்களையும் மாற்றிவிட்டேன், அக்கா மகனுக்காக. கேள்வி: பத்து எண்களில் பெரியது எது?

பதினோரு பேரும் பாஸ். நான் கையைத் தட்டினேன். வகுப்பே தட்டியது. செக்கிங் மட்டும் தட்டவில்லை.

"மிஸ், எனக்கு எப்புடி மார்க்கு போட்டீங்க? என்து தப்பு."

பார்த்தேன். பெரியதுக்குப் பதில் சிறியதைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு குறியைத் திருப்பிப் போட்டதன் வினை. ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக, வாங்கின பத்து எண்களையும் மேலே எழுதவிட்டிருந்தாள். அந்தப் பத்தில் பெரியது இல்லாமலா போகும்? என் புரோகிராம் அதைப் பார்த்து மகிழ்ந்து மார்க் போட்டுவிட்டது.

"அப்ப எல்லா நம்பரையும் எழுதி வச்சிட்டா போதுமா மிஸ்? அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு, டெலிபோன் டைரக்டரி போதுமே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும்தான். சிரித்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தேன். ஒரு வாரம்தான் பாக்கி.

"வந்த பீஸெல்லாம் அப்புடியே பொட்டில போட்டு அனுப்புனா எங்க யூனிட்ட மறுநாளே மூடணும் மிஸ்," என்றாள் அவள். "அதுக்குன்னு போன வாரம் நீங்க பண்ண மாதிரி பண்ணாலும் மூடணும்."

"நீங்க எப்புடிப் பாப்பீங்க?"

"சொன்னா வெளங்காது. சோத்து நேரத்துல வாங்க, காட்டுறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். இத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் ஒரு யூனிட்டுக்குள் கால் வைத்தது கிடையாது. வாசலில் இருந்தே காலடியில் வெள்ளைத் தூள். அவள் மேசையில் ஃபியூஸ் கட்டைகள் குவிந்து கிடந்தன. மேசையின் ஓரத்தில் ஓர் ஆணி. அதில் கம்பி போட்டு இரண்டு கட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் பச்சைப் பெயின்ட் பொட்டு, இன்னொன்றில் சிவப்பு.

"இது போவும், இது போவாது," என்றாள். "புதுசா ஒரு சைஸு வந்தா மொதல்ல இந்த ரெண்டையும் மாட்டுவாங்க. அப்புறம்தான் வேல."

கையில் ஓர் இரும்புக் குச்சி. ஒரு முனை மெல்லிசு, மறுமுனை ஒரு மயிரிழை தடிப்பு. "இதான் கேஜ். இந்த ஓட்டைல மெல்லிசு நொழையணும், தடி நொழையக் கூடாது. அவ்ளோதான்."

"அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்குதே?"

"இருக்கட்டும். அது போர்டுக்குள்ள போய்டும். யாரு பாக்கப் போறா? இங்க பாருங்க, புள்ளி விழுந்திருக்குது. அதுவும் போவும். திருகாணி எறங்குற எடம் மட்டும் அப்புடி இப்புடி இருக்கக் கூடாது. எங்க கண்டிப்பு, எங்க இல்லன்னு சார்ட்டுலயே போட்டிருக்கும் மிஸ்."

நான் அந்தக் குச்சியை வாங்கி ஒரு கட்டையில் விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. திருப்பி விட்டேன், நுழையவில்லை. என்ன ஒரு சுகம்! பத்துக் கட்டைக்கு மேல் பார்த்துவிட்டேன். அவள் அந்தச் சாக்கில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட்டாள்.

வெளியே வரும்போது ஈரமண்ணை அச்சில் அழுத்துகிற ஆளைப் பார்த்தேன். அவர் இடுப்பிலும் ஒரு குச்சி தொங்கியது.

"அவருக்கு எதுக்கு? செக் பண்றது நீதான?"

"அவரு கையிலயே ஒண்ணு இருந்தா என் மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிடும்ல? ஆனா அது வேற கேஜ் மிஸ். மண்ணு சுட்டா சுருங்கும். பச்சை மண்ணுக்கு ஒண்ணு, சுட்டதுக்கு ஒண்ணு."

பச்சைக்கு ஒன்று, சுட்டதுக்கு ஒன்று! நான் அந்த இடத்திலேயே அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அச்சுக்காரர் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். சைக்கிளை எப்படி மிதித்தேன், ரயில்வே கேட்டில் நின்றேனா இல்லையா, எதுவும் நினைவில்லை. நேராக மாடியேறி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

சனிக்கிழமைக்குள் எல்லாம் தயார். விதித்தாள் அரைப் பக்கம். கண்டிப்பான இடம் எது என்று முதலில் எழுதினேன்: விடை தனி வரியில், வெறும் எண்ணாக, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். ஒரு எண்ணும் வராவிட்டால் 0.00. பிறகு கண்டிப்பில்லாத இடம்: வரியின் கடைசியில் எத்தனை வெற்று இடம் விட்டாலும் கணக்கில்லை. நட்சத்திரத்தில் தொடங்குகிற வரி எதுவானாலும் திருத்துகிற புரோகிராம் அதைப் பார்க்கவே பார்க்காது. சுவரில் இரண்டு மாதிரி விடைகளை ஒட்டினேன். ஒன்றில் பச்சைப் பொட்டு. சிவப்புப் பொட்டு வைத்ததில், அது ஏன் போகாது என்று ஒரு வரி. பதினோரு கம்ப்யூட்டரிலும் 'பச்சை' என்று ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுவைத்தேன். பரீட்சை எழுதும்போதே எத்தனை தடவை வேண்டுமானாலும் அதை ஓட்டலாம். விடையின் வடிவம் சரியா என்று மட்டும் சொல்லும். 'சுட்டது' என்னிடம் இருந்தது, யாரும் பார்க்காத பத்து விதமான எண்களோடு. ஒன்றுக்கு ஒரு மார்க்.

முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். "கண்டிப்பு இல்லாததுக்கு எதுக்கும்மா ரூலு?"

"அத எழுதலன்னா எல்லாரும் அதையே நெனச்சுப் பயந்துக்கிட்டு இருப்பாங்க சார்."

நான்காவது ஞாயிறு. கேள்வி: எத்தனை எண் வந்தாலும், எப்படிப்பட்ட எண் வந்தாலும் அவற்றின் சராசரி. இரண்டு மணி நேரம் விசைப்பலகைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அவ்வப்போது எங்காவது ஒருவர் 'பச்சை'யை ஓட்டிப் பார்த்து 'ஹப்பா' என்பார். ஒருவருக்கும் இடைவெளியைப் பற்றிக் கவலை இல்லை. எல்லாரும் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று வாரமாக இந்த அறையில் யாரும் கணக்கையே யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

'சுட்டது' ஓடியது. எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஐந்து. ஏழு. ஆறு. எட்டு. அக்கா மகன் எட்டு. கடைசியில் செக்கிங்: ஒன்பது.

ஒருத்தருக்கும் சைபர் இல்லை. ஒருத்தருக்கும் பத்தும் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

அவள் கோப்பைத் திறந்தேன். மேலே நட்சத்திரப் பிள்ளையார் சுழி, ஐந்து வரிக்கு, கம்பீரமாக. கீழே விடைகள்.

"அந்த ஒரு மார்க்கு எங்க போச்சு மிஸ்? காட்டுங்க." குரலில் அந்த வெற்று இடத்தின் பயம் கொஞ்சம் இருந்தது.

காட்டினேன். ஒரு எண்கூட இல்லாத கோப்பை ஊட்டினபோது அவளுடைய புரோகிராம் சைபரால் வகுக்கப் போய்ச் செத்துப்போயிருந்தது. அந்தப் பதினோரு பேரில் அதைச் சரியாக எழுதியிருந்தவன் முதலாளியின் அக்கா மகன் மட்டும்தான். விதித்தாளை வரி விடாமல் படித்தவன் அவன் ஒருத்தன்.

"ஆமா," என்றாள் செக்கிங். முகம் தெளிந்துவிட்டது. "தாள்ல போட்டிருந்துச்சு. நான்தான் வுட்டுட்டேன். இது என் தப்பு மிஸ், இது போவாது." போகாத கட்டையைத் தனியே எடுத்துவைக்கிற மாதிரி கையால் காட்டினாள்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, மங்கலம்பேட்டைக்கு நீதாம்மா. எங்க அக்காகிட்ட யாரு சொல்றது?"

"மிஷினையே போன் போடச் சொல்லு மாமா," என்றான் அக்கா மகன்.

செக்கிங், ஃபியூஸ் யூனிட்டில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, திருத்துகிற புரோகிராமை ஒரு ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து சென்டருக்கு போன் வந்தது. ஒரு ரூபாய் காயின் போடுகிற போனிலிருந்து பேசினாள். பின்னால் பஸ் ஹாரன்.

"மிஸ், மொதல் டெஸ்ட்டு வச்சேன். பாதிப் பேருக்கு சைபரு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விதித்தாள் குடுத்தியா? பச்சை போட்டியா?"

"எல்லாம் போட்டாச்சு. கணக்கு கரெக்டுதான். மொதல் வரில 786ன்னு போட்டிருக்காங்க மிஸ். பாய் வூட்டுப் புள்ளைங்க. அது போடாம எதையும் ஆரம்பிக்க மாட்டாங்களாம், பச்சை போவாதுன்னு சொல்லியும் எடுக்கல. உங்க மிஷினு அத வெடன்னு நெனச்சிட்டுது."

"அதுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போடச் சொல்லேன்."

"எதுக்கு மிஸ்? நட்சத்திரம் எனக்காகப் போட்ட ரூலு. அதை அவங்க ஏன் போடணும்? நானே மாத்திட்டேன். மொதல் வரி அவங்கவங்க இஷ்டம். ரெண்டாவது வரிலேர்ந்துதான் கேஜ்."

"ஒண்ணும் போடாதவங்க?"

"வெறும் வரி வுடணும்னு எழுதிட்டேன். அதுக்கும் ஒரு மாதிரி செவுத்துல ஒட்டியாச்சு."

எவ்வளவு சின்ன விதி! என்னுடையதைவிட நல்ல விதி. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. "இரு இரு. உன் பிள்ளையார் சுழி அஞ்சு வரியாச்சே?"

போனில் நேரம் முடியப்போகிற கீச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"அத ஒரே வரில போடக் கத்துக்கிட்டேன் மிஸ்!" என்று அவள் கத்தினாள். லைன் அறுந்துபோனது. நான் ரிசீவரைச் சரியாகக்கூட வைக்காமல், என்னுடைய விதித்தாளைத் திருத்த ஓடினேன்.